இரண்டு மதிப்பெண் சூப்

பிரஸ்ஸல்ஸிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வேனை விட்டு இறங்கியதும் முதலில் கேட்பது ஒரு சுரங்கத் தொழிலாளியை. கழிப்பறை எங்கே என்பதைக்கூட அடுத்ததாகத்தான் கேட்பார்கள். நிலக்கரியை நிறுத்தப்போகிறோம், அதற்கு முன்னால் நிலக்கரியால் வாழ்ந்தவனின் கருத்தைக் கேட்டுக்கொள்கிறோம் என்பது அவர்களுடைய நாகரிகம். கிடா வெட்டுகிறவன் கிடாவிடம் இப்படிக் கேட்டதாக எங்கள் கோர்ஷ் மாவட்டத்தில் யாரும் சொன்னதில்லை.

எங்கள் ஊரான கிலோர்த்தெனியில் அப்போது தொழிலாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் பகலில் குழியில் இருப்பார்கள், இல்லையென்றால் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். முதல் கூட்டத்துக்கு வந்தவன் சாந்து. குழியில் கரி வெட்டும் ராட்சதச் சக்கர எந்திரம் ஓட்டுகிறவன். "உங்க ஆபீஸ்ல சூடு எதுலய்யா வருது? உங்க ஊர்ல புகைபோக்கி இல்லையா, இல்ல எங்க பக்கம் திருப்பி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர்களுடைய தாயாரைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சேர்த்தான். மொழிபெயர்ப்பாளன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். அந்தப் பட்டத்தை என் அம்மா புனிதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். மூன்று மொழி தெரியும். மூன்றிலும் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த குழு வந்தபோது மேயர் தோம்னிக்கா அம்மா சாந்துவின் வீட்டுப் பக்கமே போகவில்லை. நேரே இலாரியெ வீட்டுக்குப் போனார்.

"அண்ணே, ஒரு தலைக்கவசத்த மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் வந்து உக்காருங்க."

"நான் சமையக்காரன் தலைவரம்மா."

"சுரங்கத்துச் சம்பளப் பட்டியல்ல உங்க பேரு இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. கேன்டீன்ல."

"கேன்டீன் யாருது? சுரங்கத்துது. அப்புறம் என்ன, வாங்க."

இப்படித்தான் இலாரியெ பலூட்ஸா சுரங்கத் தொழிலாளி ஆனார். அதுவரை அவர் வாழ்க்கை மூன்று கொப்பரைகளைச் சுற்றித்தான். வயசுப் பையனாகச் சுரங்கக் கேன்டீனில் உருளைக்கிழங்கு உரிக்கச் சேர்ந்தவர், தலைமைச் சமையல்காரராகி, காலை ஷிஃப்டுக்கும் மாலை ஷிஃப்டுக்கும் சூப் ஊற்றியே மீசை நரைத்தவர். புகைபோட்ட பன்றிக்கால், வெள்ளை பீன்ஸ், தவிட்டைப் புளிக்கவைத்து எடுத்த புளிநீர், கடைசியில் ஒரு கைப்பிடி வாசனைத் தழை. ஆறு கிராமத்து ஆண்கள் அந்தச் சூப்பைக் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவி சூப்பைக் குறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நிலக்கரியை ஒழிக்கும் திட்டம் அறிவித்ததும் நிர்வாகம் முதலில் ஒழித்தது நிலக்கரியை அல்ல, கேன்டீனைத்தான். கதவுக்குப் பூட்டுப் போட்டு, பூட்டுக்கு மெழுகு முத்திரையும் வைத்தார்கள். கொப்பரைகள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. குளிர்காலத்தில் இலாரியெ அந்த ஜன்னலில் கையைக் குவித்து உள்ளே எட்டிப்பார்ப்பதை ஊரே பார்த்திருக்கிறது. வேத்தா அத்தை, அவர் மனைவி, கேட்பாள்: "ஏய்யா, அதுக்குள்ள எவளையாவது வச்சிருக்கியா?"

அந்த அடுப்படி திரும்பக் கிடைக்க வேண்டும். இலாரியெக்கு வேண்டியது அது ஒன்றுதான். புவியின் வெப்பநிலை ஒன்றரைப் பாகை ஏறுவதோ இரண்டு பாகை ஏறுவதோ அவருக்குக் கவலையில்லை. அந்த மூன்று கொப்பரையின் வெப்பநிலை ஏறினால் போதும்.

வருகிறவர்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. முப்பது வருஷ நீராவி போட்ட சுருக்கம், புகைப்படத்தில் முப்பது வருஷ நிலக்கரி போட்ட சுருக்கம் மாதிரியே விழும். மூன்றாவது கேள்விக்குப் பெருமூச்சு விடுவது, நான்காவது கேள்விக்கு அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்ப்பது என்று அவராகவே ஒரு முறை வைத்துக்கொண்டார். எங்களுடையது திறந்தவெளிக் குழி. தலைக்கவசத்தில் விளக்கே தேவையில்லை. ஆனால் விளக்கு வைத்த தலைக்கவசம் ஒன்றை மேயர் எங்கிருந்தோ வரவழைத்தார். படம் எடுக்கும்போது அதை எரியவிட வேண்டும், பட்டப்பகலில்.

"காலநிலை மாற்றத்தை உங்கள் வாழ்வில் எப்படி உணர்கிறீர்கள்?" என்று ஒருமுறை கேட்டார்கள்.

"பனிக்காலத்துல குளுருது, வெயில்காலத்துல வேகுது" என்றார்.

நான் அப்படியேதான் மொழிபெயர்த்தேன். அறிக்கை அச்சாகி வந்தபோது, 'உள்ளூர் மக்கள் பருவகாலத் தீவிரங்களைக் கூர்ந்து அவதானிக்கின்றனர்' என்று இருந்தது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் அவர், "அந்தக் கேன்டீனத் திறந்து குடுங்க" என்பார். அது அறிக்கையில் 'சமூக உரையாடல் வெளிகளுக்கான வேட்கை' என்று ஏறும். வேட்கைக்கு நிதி கிடையாது.

பிரஸ்ஸல்ஸுக்கே ஒருமுறை கூட்டிப்போனார்கள். பெரிய மண்டபம். இரண்டு நிமிடம் பேசினார், எழுந்து நின்று கைதட்டினார்கள். மதியம் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த பயறும் அதன்மேல் ஓர் இலையும் கொடுத்தார்கள். இலாரியெ குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டார்:

"படிச்சவனே, இது சாப்பாடா, சாம்பிளா?"

"சாப்பாடுதான் மாமா."

"இவ்ளோ பெரிய கட்டடம், நாளெல்லாம் எரிசக்தி எரிசக்தின்னு பேசுறானுங்க. ஒரு அடுப்பு எரியலையேடா."

இப்படிக் கருத்துக் கேட்டுக் கேட்டே சில வருஷம் போன பிறகு, ஒருவழியாக ஒரு திட்டம் வந்தது. வேலையிழக்கும் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வேறு தொழில் கற்றுக்கொடுப்பார்கள். கற்று முடித்தவருக்குச் சுரங்கத்தின் பூட்டிக் கிடக்கும் கட்டடம் ஒன்றைப் பத்து வருஷத்துக்கு வாடகையில்லாமல் தருவார்கள், தொழில் நடத்த. தொழில்களில் ஒன்று சமையல்.

இதைக் கேட்டதும் இலாரியெ எழுந்து நின்றுவிட்டார். மேயர் அம்மா அவரை உட்காரவைத்து மீதியைச் சொன்னார். பயிற்சிக்கு முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு. முன்னால் நான்குக்குக் கீழே வாங்க வேண்டும், பின்னால் எட்டுக்கு மேலே. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் முன்னேற்றம். முன்னேற்றம் இருந்தால்தான் நிதி. முதலிலேயே நன்றாகச் சமைக்கிறவனுக்குக் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது? அவன் தகுதியற்றவன். சமையல்காரன் என்று தெரிந்தாலோ, அந்தத் திட்டத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

"அதனால அண்ணே, நல்லாக் கேட்டுக்குங்க. மொதத் தேர்வுல சூப்பக் கெடுத்துருங்க. உப்ப அள்ளிக் கொட்டுங்க. அடிப்பிடிக்க விடுங்க."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான். அடுப்படி வேணுமா, வேணாமா?"

இலாரியெ மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் சரியென்றார். வாழ்நாளில் ஒரு சூப்பைக் கெடுத்தறியாத மனுஷன் எப்படிக் கெடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார். சாந்து ஒரு யோசனை சொன்னான்: "என் பொண்டாட்டிகிட்ட ட்யூஷன் போடா. அவளுக்கு அது கை வந்த கலை."

தேர்வு நாளை அறிவித்தார்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. அதிகாரிகளின் விமானத்துக்கு அன்றைக்குத்தான் தோதாம். வேத்தா அத்தை நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள்.

"ஏய்யா, அன்னிக்கு இறந்தோர் சனிக்கிழமைய்யா!"

எங்கள் பக்கத்தில் அது சாதாரண நாளில்லை. அன்றைக்கு நம் கையால் சமைத்து, கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டியில் மெழுகுவத்தி குத்தி ஏற்றி, செத்தவர் பேரைச் சொல்லிப் பிறத்தியாருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர், 'கடவுள் அவரை மன்னிப்பாராக' என்று சொல்லிச் சாப்பிடுவார். இங்கே அவர் வாய்க்குப் போவது அங்கே செத்தவர் தட்டுக்குப் போய்ச் சேரும். மெழுகுவத்தி வழி காட்டும். இலாரியெயின் தாயார் முந்தின இலையுதிர் காலத்தில்தான் இறந்திருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் இறந்தோர் சனி.

"வீட்டுல தனியாச் சமைச்சுக் குடுத்துருவோம்" என்றார் இலாரியெ.

"உன் கையால அன்னிக்கு எந்தச் சட்டில சமைச்சாலும் அது உங்கம்மாவுக்குத்தான் போகும். பாதிரியார் சொல்லிருக்காரு. உயிரோட இருக்கும்போதே அந்தக் கிழவி என் சூப்புல உப்பு ஜாஸ்தின்னு ஊரெல்லாம் சொன்னா. நீ உப்ப அள்ளிக் கொட்டிக் குடுத்தா, அங்க போயும் என்னத்தான் திட்டுவா."

அந்த வாரம் முழுக்க அவருக்கு இதே யோசனை. ஒரு பக்கம் மூன்று கொப்பரை. மறுபக்கம் அம்மா. மேயர் அம்மா இரண்டு முறை வந்து, "உப்பு, அண்ணே, உப்பு" என்று நினைவூட்டிவிட்டுப் போனார்.

தேர்வுக்காகக் கேன்டீனின் முத்திரையை உடைத்தார்கள். உள்ளே தூசியும் எலிப்புழுக்கையும். இலாரியெ கோட்டைக் கழற்றாமல் நேரே போய்க் கொப்பரையின் வயிற்றில் தட்டிப் பார்த்தார். பிறகு தேய்க்க ஆரம்பித்தார். பிறகு அடுப்பு மூட்டினார். ஒரு சிறு பாத்திரத்தில் நான்கு பேருக்குச் சமைத்தால் போதும் என்று விதி. அவர் கொப்பரை நிறையச் சமைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். உப்பு ஜாடியை ஒருமுறை கையில் எடுத்தார், உள்ளே பார்த்தார், வேண்டிய அளவு மட்டும் போட்டுவிட்டு மூடிவைத்தார். புளிநீரை விட்டதும் எழுந்த மணத்துக்குத் தெருவில் போன நாய்கூட உள்ளே வந்துவிட்டது. மேயர் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டார். நாற்றத்தால் அல்ல, பயத்தால்.

"போச்சு. பத்துக்குப் பத்து. கேன்டீன் போச்சு" என்று முணுமுணுத்தார்.

தேர்வாளர்கள் மூன்று பேர். தலைவி அன்னெலீஸ், பிரஸ்ஸல்ஸ்காரி, நல்ல மனுஷி, எதற்கும் புன்னகை. இலாரியெ கிண்ணங்களை வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரொட்டியில் மெழுகுவத்தி குத்தி ஏற்றினார். "எங்கம்மா பெராஸ்கிவாவுக்காக" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அன்னெலீஸ் முகம் மலர, "ஓ!" என்று கைதட்டிவிட்டு, குனிந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். மற்ற இருவரும் பிறந்தநாள் பாட்டை ஆரம்பித்தார்கள்.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த கிழவிகள் சிலுவைக்குறி போட்டார்கள். வேத்தா அத்தை, "ஐயையோ, கிழவி இருட்டுல நிக்கிறாளே!" என்றாள்.

இலாரியெ மறுபடி ஏற்றினார். ஊதினால் அணையாத வேடிக்கை மெழுகுவத்தி போலிருக்கிறது என்று நினைத்த இரண்டாவது அதிகாரி சிரித்துக்கொண்டே அதையும் ஊதினார். எந்த விளக்கை எப்போது அணைப்பது என்று ஒரு கண்டத்துக்கே முடிவு செய்கிறவர்கள். கண்ணில் பட்டதை அணைத்துப் பழகிவிட்டது. மூன்றாவது முறை ஏற்றிய இலாரியெ, இரண்டு கையாலும் சுடரைச் சுற்றி அணை கட்டியபடி அங்கேயே நின்றுகொண்டார்.

"சாப்பிடச் சொல்லுடா" என்றார் என்னிடம். "ஊதுறதுக்கு அப்புறமா வேற ஏதாவது குடுக்குறேன்."

சாப்பிட்டார்கள். அன்னெலீஸ் மூன்று கரண்டி, மற்றவர்கள் இரண்டிரண்டு. குசுகுசுத்தார்கள். குறித்துக்கொண்டார்கள். மதிப்பெண்ணை நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். தாளைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

"ரெண்டு, மாமா."

"எதுக்கு ரெண்டு?"

"பத்துக்கு ரெண்டு. கொழுப்பு அதிகமாம். புளிப்பு சர்வதேச நாவுக்கு ஒத்துவராதாம். இறைச்சிக்கு மாற்று இல்லையாம். உணவுக்குப் பக்கத்துல மெழுகு சுகாதாரக் கேடாம். நாலு பேருக்கு ஒரு கொப்பரை வச்சது வள விரயமாம். ஆனா ஆர்வம் தெரியுதாம், ஊக்கம் குடுக்கணுமாம்."

மேயர் அம்மாவின் முகத்தில் பொழுது விடிந்தது. இலாரியெயின் முகத்தில் அஸ்தமித்தது. ஆறு கிராமத்து ஆட்கள் வரிசையில் நின்று குடித்த சூப்புக்கு இரண்டு. வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மேயர் அம்மா அவர் காலை மிதித்தார்.

"அண்ணே. அடுப்படி."

அவர் கொப்பரைகளைப் பார்த்தார். கைக்குள் எரிந்த சுடரைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சொல்லுடா. நான் கரி வெட்டுனவன். எனக்குச் சமையல் தெரியாதுன்னு சொல்லு."

சொன்னேன். அன்னெலீஸ் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். கொப்பரையின் மீதியை ஊரே வந்து கிண்ணம் கிண்ணமாக வாங்கிப் போயிற்று. சாந்து இரண்டு முறை வந்தான். "ரெண்டு மார்க் சூப்பு இன்னும் இருக்காடா?" என்று கேட்டான். வேறு நாளாக இருந்தால் இலாரியெ கரண்டியால் அடித்திருப்பார். அன்றைக்குக் கிண்ணம் நிறைய ஊற்றினார்.

பயிற்சி வசந்தம் முழுக்க நடந்தது. தலைநகரிலிருந்து ஒரு பையன் வந்தான், கையெல்லாம் பச்சை குத்தியவன். கத்தியை எப்படிப் பிடிப்பது என்று இலாரியெக்குக் காட்டினான். இலாரியெ பணிவாகத் தப்பாகப் பிடித்துக் காட்டினார். பூசணிக்காயை நுரையாக்கக் கற்றுக்கொடுத்தான். ஒரு பீன்ஸ் விதை வயலிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று அரை நாள் வகுப்பு எடுத்தான். பீன்ஸ் வாயு விடுவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், சாப்பிட்ட பிறகு. கடைசித் தேர்வில் நுரைக்கு ஒன்பது கிடைத்தது. சாவியும் கிடைத்தது.

கேன்டீன் திறந்த நாளில் கைப்பழக்கத்தில் மூன்று கொப்பரையும் நிரப்பிவிட்டார். வந்தவர்கள் ஒரு மேசைக்குத்தான் இருந்தார்கள். அதற்குள் குழியில் பாதிப் பேரை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தப்பட்டவர்களுக்கு அலங்கார மீன் வளர்ப்பு, சுற்றுலா வழிகாட்டல், அழகுக் கலை என்று பயிற்சி. அழகுக் கலை ஒதுக்கப்பட்ட சாந்து ஒரே ஒரு நாள் போய்விட்டு, மறுநாள் இத்தாலிக்குப் பஸ் ஏறினான். "நகத்துக்குச் சாயம் அடிக்கிற கையாடா இது?" என்று கையைக் காட்டிவிட்டுப் போனான். அங்கே கட்டட வேலை. அவனைப் பார்த்து, குழியில் இருந்த மற்றவர்களும் போனார்கள். மிச்சமிருந்த வாடிக்கையாளர்கள், ஊரைவிட்டு ஏன் எல்லோரும் போகிறார்கள் என்று ஆராய வந்தவர்கள். அவர்களுக்கு நல்ல பசி. கரும்பலகையில் இலாரியெ தினமும் ஒரே வரிதான் எழுதுவார்: 'இரண்டு மதிப்பெண் சூப்.' நுரை எந்த நாளும் இல்லை.

ஆனாலும் ஒரு சொல் அவர் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. ஒருநாள் கொப்பரையைக் கிளறியபடி என்னிடம் கேட்டார்: "அம்மா மெழுகுவத்திய கையில வச்சுக்கிட்டு, சமையல் தெரியாதுன்னு சொன்னேன்ல? அந்தக் கிழவிதான்டா எனக்குப் புளிநீர் போடச் சொல்லிக் குடுத்தா. கேட்டிருப்பாளோ?"

"அவங்களுக்குக் காது கேக்காதுல்ல மாமா, கடைசில?"

"செத்தா எல்லாம் சரியாயிரும்டா."

மறுவருஷம் மேற்பார்வைக்கு அன்னெலீஸ் வந்தார். போன வருஷம் போலவே இறந்தோர் சனிக்கிழமை அன்றைக்கு. இலாரியெ கிண்ணத்தை வைத்தார். அதே பன்றிக்கால், அதே புளிப்பு. மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஊத வேணாம்னு மொதல்ல சொல்லுடா. அங்க எங்கம்மாவுக்கு இருக்குற ஒரே வெளக்கு இது."

சொன்னேன். அன்னெலீஸ் முகம் சிவந்துபோய், இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டார். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தார். இன்னொன்று கேட்டார். அதையும் துடைத்தார்.

"நம்பவே முடியவில்லை" என்றார். "ஒரே வருடத்தில்!"

இலாரியெ கரண்டியைக் கீழே வைத்தார். மேயர் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அண்ணே, வேணாம். பத்து வருஷக் குத்தகை. ஒரு வார்த்தைல பிடுங்கிருவாங்க."

"பிடுங்கட்டும் தலைவரம்மா. கெழவி முன்னாடி ஒரு தடவை பொய் சொல்லிட்டேன். ரெண்டாந்தடவை முடியாது." என் பக்கம் திரும்பினார். "சொல்லுடா. நான் ஒரு நாளும் கரி வெட்டுனதில்ல. சமையக்காரன். எப்பவும் சமையக்காரன். போன வருசம் அந்தம்மா ரெண்டு மார்க் போட்டதும் இதே சூப்புதான். ஒரு பருப்பு மாத்தல."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். மேயர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அன்னெலீஸுக்குக் கண் கலங்கியது. மேசையைத் தாண்டி வந்து இலாரியெயின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார்: 'பயனாளி புதிய தொழிலில் முழுமையாக ஒன்றிவிட்டார். தாம் சுரங்கத்தில் இருந்ததையே மறந்துவிடும் அளவுக்கு மனமாற்றம். முன்மாதிரி. பத்துக்குப் பத்து.'

"என்னடா எழுதிருக்கா?"

சொன்னேன். இலாரியெ சிரிக்கவில்லை. மெழுகுவத்தியைப் பார்த்தார்.

"கெழவி கேட்டுட்டா. அது போதும்" என்றார்.

கிளம்பும்போது அன்னெலீஸ் இன்னொரு செய்தியையும் சொன்னார். மேலே முடிவு கொஞ்சம் மாறியிருக்கிறதாம். எரிவாயு விலை ஏறிவிட்டதால் எங்கள் புகைபோக்கி இன்னும் சில குளிர்காலம் புகைய வேண்டுமாம். தற்காலிகமாகத்தானாம். அதற்கு அனுபவமுள்ள சுரங்கத் தொழிலாளிகள் அவசரமாகத் தேவை. ஊரில் இப்போது பதிவில் இருக்கிற அனுபவசாலி திரு. பலூட்ஸா ஒருவர்தான். திரும்பி வருவாரா?

இலாரியெ கேட்டுக்கொண்டே கொப்பரையில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டார்.

"அந்த வேல எனக்குத் தெரியாதே" என்றார். "பயிற்சி உண்டான்னு கேளுடா. மொதத் தேர்வுல ரெண்டு வாங்குறது என் பொறுப்பு."